லொறியில ஏறாத பொம்பளைங்க

கேட்டு வாங்குன லொறி, காலையில வேலைக்கிப் பேரு கூப்பிடுற பெரட்டுக் களத்துல வந்து நின்னுருச்சு. ஏறத்தான் ஆளில்ல.

தனுஜா மட்டும் களத்து நடுவுல நின்னா. நீலச் சீல, கல்யாண வீட்டுக்குப் போடுற செருப்பு, கையில தண்ணிப் போத்தல். அவளச் சுத்தி வெள்ளப் பனி.

"என்ன தனு, ஒங்க கூட்டம் இன்னும் வரலயா?"

லொறிக்குள்ளருந்து தலைய நீட்டுனான் அவ புருசன் யோகேஸ்வரன். ஆனைப்பாறை தோட்டத்துக் கொழுந்து லொறிய ஓட்டுறது அவந்தான். அன்னைக்கி வெள்ளனவே எந்திரிச்சு, பலகையில ஒட்டியிருந்த பழைய கொழுந்தையெல்லாம் கூட்டித் தள்ளி, பொம்பளைங்க உக்கார சாக்கு மடிச்சுப் போட்டு வச்சிருந்தான்.

"வருவாங்க"ன்னா தனுஜா. அவளுக்கே அந்த வார்த்தையில நம்பிக்க இல்ல.

எல்லாத்துக்கும் காரணம் போன வாரம் பொம்பளைங்க குளிக்கிற பீலிக்கரையில நடந்தது. மாமியார் மீனம்மாவுக்கு முதுகு தேச்சு விடப் போன தனுஜாவோட கை, இடது மார்புக்கு ஓரமா ஒரு கட்டியில பட்டுச்சு. புளியங்கொட்டை அளவு. மீனம்மா வெடுக்குனு ஈரத் துண்ட இழுத்துப் போத்திக்கிட்டா. "யோகேசுகிட்ட நீ மூச்சு விட்டன்னு தெரிஞ்சா இந்த வீட்டுல தண்ணி குடிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு விறுவிறுன்னு நடந்துட்டா. எத்தன நாளா இருக்குன்னு கேட்டுக்கிட்டே தனுஜா பின்னால ஓடுனா.

லிந்துலையில சுகவனிதையர் கிளினிக்குன்னு ஒண்ணு நடக்குது. பொம்பளைங்களுக்கு நோய் முத்துன பொறகு இல்ல, வர்றதுக்கு முன்னாடியே பாக்குற கிளினிக்கு. மாமிய மட்டும் தனியாக் கூப்பிட்டா வராது, லயத்து வரிசவீட்டுப் பொம்பளைங்களோட சேத்துக் கூப்பிட்டா வரும்னு தனுஜா நெனச்சா. தாய் புள்ளைங்களப் பாக்க தோட்டத்துக்கு வர்ற மிஸ்ஸி ஷப்னாவப் புடிச்சு, ஆனைப்பாறை மேல் பிரிவான மேக்கணக்குப் பொம்பளைங்களுக்குன்னே ஒரு நாள ஒதுக்க வச்சா. அப்பறம் துரை ஆபீசுக்குத் தனியாப் போயி அரை நாள் லீவும், போய்வர கொழுந்து லொறியும் கேட்டு வாங்குனா. நோட்டன் பிரிட்ஜிலருந்து வாக்கப்பட்டு வந்தவ துரைகிட்டயே பேசிட்டாளேன்னு லயமே மூக்குல விரல் வச்சுச்சு.

இப்ப அந்த லயத்துலதான் ஒரு பொம்பளையும் இல்ல.

ஸ்கூல் சட்டையோட ஓடி வந்தா மக நிலக்ஷி. "அம்மா, அப்பாயி பின்பக்கமாப் போயிருச்சு. இந்திராணி பெரியம்மாவும் போயிருச்சு. லொறிச் சத்தம் கேட்டிச்சுல்ல? அந்த நேரமே எல்லாரும் போயிட்டாங்க."

"எங்க போனாங்க?"

"மலைக்கி." ஊசி போட்ட கையத் தடவிக்கிட்டே சேத்துச் சொன்னா. "நானே ஸ்கூல்ல ஊசிக்கி அழல. இவங்க எல்லாம் பயந்தாங்கொள்ளி."

வெத்தலைய மென்னுக்கிட்டே வந்து சேந்தாரு ஆண்டியப்பன் கங்காணி.

"ஒன் படையத் தேடுறியா? ஆறாம் நம்பர் மலையில நிக்கிது. மலைய மேக்கிற கண்டாக்கையா வந்து தேயிலை நிரை பிரிச்சுக் குடுக்கல, நான் பேரு கூப்பிடல, தானாப் போயி கொழுந்து எடுக்குறாளுக. எத்தனையோ வருசமா கங்காணி வேல பாக்குறேன். லீவு குடுத்தா வேலைக்கி ஓடுறவளுகள இன்னைக்கித்தான் பாக்குறேன்!"

அந்த நேரம் பாத்து போன் அடிச்சுது. மிஸ்ஸி ஷப்னா.

"தனுஜா, டொக்டர் வந்துட்டாங்க. மத்தியானம் வரைக்குந்தான் இருப்பாங்க. யாரும் வராட்டி, திரும்ப இப்படி ஒரு நாள் கேக்குறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல. கெதியா வாங்க."

தனுஜா செருப்பக் கழட்டிக் கையில புடிச்சா. சீலைய முழங்காலுக்குத் தூக்கிச் சொருகுனா. ஆறாம் நம்பர் மலையப் பாத்து ஏறுனா.

* * *

எல்லாரும் அங்கதான் நின்னாங்க. தலையக் குனிஞ்சு, வாயத் தொறக்காம, பொட்டு பொட்டுன்னு கொழுந்து கிள்ளுற சத்தம் மட்டும். எப்பவும் இந்த மலையில ஒரு பக்கம் சிரிப்பும் ஒரு பக்கம் சண்டையும் இல்லாம இருக்காது. அன்னைக்கி இழவு வீடு மாதிரி இருந்துச்சு.

"என்ன இந்திராணி அக்கா, நேத்து 'நான்தான் மொத ஆளா ஏறுவேன்'னு சொன்னீங்க?"

"நேத்து வேன் வரும்னு நெனச்சேன் புள்ள."

"வேன் வந்தா என்ன, லொறி வந்தா என்ன? டயர் உருளாதா?"

கொழுந்து கிள்ளுற வேகந்தான் கூடுச்சு.

"நான் துரைகிட்டக் கெஞ்சி வாங்குனது அது! ஒங்களுக்கு ஏறத்தான் இஷ்டமில்லன்னா மூஞ்சிக்கி நேரா சொல்லியிருக்கலாம்ல? இப்படி ஒளிஞ்சா எனக்கு என்ன மரியாத?"

"நீ நோட்டன் பிரிட்ஜு. ஒனக்குத் தெரியாது"ன்னா இந்திராணி, தலைய நிமித்தாமலே.

"தெரியாதுன்னா சொல்லுங்க!"

"ஒம் மாமிகிட்டக் கேளு."

மீனம்மா நிரையோட கடைசியில நின்னா. அம்பத்தாறு வயசு. குச்சி மாதிரி ஒடம்பு, ஆனா கொழுந்துக்கு விரல் போனா மெஷின் தோத்துரும். மருமக பக்கத்துல வந்து நின்னதும் அந்த விரலு நின்னுச்சு.

"நீதானா அந்த லொறியக் கேட்ட?"

"ஆமா மாமி. நடந்தா ஒங்களுக்கு கால் வலிக்குமேன்னு…"

மீனம்மா கொழுந்தப் பாத்துக்கிட்டே பேசுனா.

"எனக்கு அப்ப இருபத்தோரு வயசு. யோகேசு பால்குடிப் புள்ள. ஒருநா காலையில பெரட்டுக் களத்துல இதே மாதிரி கொழுந்து லொறி வந்து நின்னுச்சு. 'பொம்பளைங்க ஏறுங்க, ஒடம்பு செக் பண்ணப் போறோம், சும்மாதான்'னாங்க துரை ஆபீசு ஆளுங்க. புள்ளைய ஆயா பாத்துக்குற புள்ளக் காம்பராவுல விட்டுட்டு ஏறுனேன். சந்தோசமாத்தான் ஏறுனேன் தனு. டவுனு பாக்கலாம்னு."

காத்துல தேயிலை அசைஞ்சுது. பக்கத்து நிரையில இருந்தவங்க எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. அவங்கள்ல வயசு கூடுனவங்க அந்தக் கதைக்குள்ள இருந்தவங்க. வயசு கொறஞ்சவங்க தாய் வாயில கேட்டவங்க.

"பொழுது சாய லொறி திரும்பி வந்துச்சு. ஒருத்திக்கும் நிமிந்து உக்கார முடியல. அடி வயித்துல தையல். கொழுந்துச் சாக்க அடுக்குற மாதிரி படுக்கப் போட்டுக் கொண்டாந்தாங்க. வளைவுக்கு வளைவு ஒருத்தி மேல ஒருத்தி உருண்டோம். இனிப் புள்ளையே பெறாம அறுத்துக் கட்டிட்டாங்கன்னு வீட்டுக்கு வந்து கிழவிங்க சொல்லித்தான் தெரியும். கையில ஒரு புதுச் சீல குடுத்திருந்தாங்க."

கையில இருந்த கொழுந்த சாக்குக்குள்ள போட்டா.

"அடுத்த புள்ளைக்கி நான் பேரு கூட யோசிச்சு வச்சிருந்தேன்."

கல்யாணம் முடிச்சு வந்த புதுசுல, "ஒரே புள்ளைய பெத்து ராணி மாதிரி வளத்திருக்கீங்க மாமி"ன்னு தான் கேலி பண்ணுனது தனுஜாவுக்கு ஞாபகம் வந்துச்சு. மாமி அன்னைக்கி சிரிச்சாங்க. அது எப்பேர்ப்பட்ட சிரிப்புன்னு இப்பத்தான் புரியுது.

"அவருக்கு… ஒங்க மகனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேணாம். அவன் தெனமும் ஓட்டுறது கொழுந்து லொறி. தெரிஞ்சா அந்த ஸ்டியரிங்கத் தொடுவானா?"

தனுஜா புருசனக் கூப்பிட போன எடுத்தா.

"இங்க பாருங்க, லொறிய எடுத்துட்டுப் போயிருங்க."

"என்னடி சொல்ற? துரைதானே குடுத்தாரு…"

"கொழுந்து ஏத்துங்க போங்க. நாங்க நடந்து போறோம். காரணம் கேக்காதீங்க."

கீழ களத்துல இன்ஜின் உறுமுற சத்தம் கேட்டுச்சு. பெறகு அது தூரமாப் போயி, வளைவுக்கு அந்தப் பக்கம் அடங்கிருச்சு. மலையில இருந்த அத்தன பொம்பளைங்களும் மூச்சு விட்டது தனுஜாவுக்கே கேட்டுச்சு.

"மாமி, அன்னைக்கி ஒங்கள உள்ள கூட்டிட்டுப் போகும்போது கதவுக்கு வெளிய யாரு இருந்தா?"

"யாரு இருந்தா? ஒருத்தி ஒருத்தியாத்தான் கூப்பிட்டாங்க. மத்தவளுகள தூரமா மரத்தடியில உக்கார வச்சிருந்தாங்க."

"அப்படின்னா இன்னைக்கி நிரை மாதிரிப் போவோம்."

அந்த மலையில ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு நிரை புடிப்பாங்க. மொதல்ல முடிச்சவ வீட்டுக்குப் போக மாட்டா. பின்தங்கி நிக்கிறவளோட நிரையில மறு முனையிலருந்து கொழுந்து எடுத்துக்கிட்டே வருவா, ரெண்டு பேரும் நடுவுல சந்திக்கிற வரைக்கும். மீனம்மா கூட்டத்துல ஒருத்திய மலையில தனியா விட்டுட்டு எறங்குன சரித்திரமே கெடையாது.

"மொத நிரை என்னது"ன்னா தனுஜா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாத்தான் சொன்னா. "நான் உள்ள போறேன். திரைக்கி இந்தப் பக்கம் மாமி நிக்கட்டும். மாமிக்குப் பின்னால இந்திராணி அக்கா. உள்ள என்ன நடக்குதுன்னு நான் கத்திக்கிட்டே இருக்கேன். எஞ் சத்தம் நின்னுச்சுன்னா திரையக் கிழிச்சு என்னைய வெளிய இழுங்க. நான் நல்லா வந்தா அடுத்தவ போகட்டும். இல்லன்னா எல்லாரும் திரும்பிருவோம்."

"ஒஞ் சத்தம் எங்கடி நிக்கப் போவுது?"ன்னா இந்திராணி. "தூக்கத்துலயே நீ பேசுறது எங்க காம்பரா வரைக்கும் கேக்குது!"

யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. அது நிரை நிரையா பரவிச்சு.

மீனம்மா மட்டும் சிரிக்கல. இன்னும் ரெண்டு கைப்பிடி கொழுந்து எடுத்தா. சாக்குக்குள்ள போட்டா. கைய ஒதறுனா. அப்பறம் செடி கிழிக்காம இருக்க இடுப்புல கட்டியிருந்த படங்குத் துணிய அவுத்தா.

அத அவுத்துட்டா அன்னைக்கி வேல முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

* * *

களத்துல ஆண்டியப்பன் கங்காணி கைய விரிச்சுக்கிட்டு மறிச்சாரு.

"லொறியில போறதுக்குத்தான் துரை லீவு குடுத்தாரு. நடந்து போறதுக்கு ஓடர் இல்ல. அரைப்பேருதான் விழும், அரை நாள் சம்பளம் போயிரும், சொல்லிட்டேன்."

"கங்காணி, ஒங்க வீட்டுக்கார அக்கா எங்க?"ன்னு கேட்டா மீனம்மா.

"அவளுக்கென்ன? நல்லாத்தான் இருக்கா."

"ரெண்டு மாசமா இடுப்பப் புடிச்சுக்கிட்டு நடக்குறா. அது இந்த மலைக்கே தெரியுது, ஒங்களுக்குத் தெரியல. அரைப்பேரு போடுறதுக்கு முன்னாடி அவளப் போயி என்னன்னு கேளுங்க."

கங்காணி வாயில இருந்த வெத்தல அப்படியே நின்னுருச்சு.

குறுக்குப் பாதையில எறங்குனாங்க. தேயிலைக்கி நடுவுல, பாலத்தக் கடந்து, கோயிலடியால. பாதி தூரம் போனப்ப பின்னால "இருங்கடி, இருங்கடி"ன்னு சத்தம். கங்காணி பொண்டாட்டி கைப்பையத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா.

"அந்த மனுசன் வந்து 'ஒனக்கு என்ன வருத்தம்'னு கேக்குறாரு! கல்யாணம் முடிச்ச நாள்லருந்து கேக்காத மனுசன்! சாகப் போறேனோன்னு பயந்துட்டேன்!"

லிந்துலை டவுன்ல எறங்கும்போது கடைக்காரங்க எல்லாம் வெளிய வந்து பாத்தாங்க. பாதிப் பேருக்கு கொழுந்து எடுக்குற உடுப்பு. தலையில கட்டுன துணி. கையில கறை. திருவிழாவுக்குப் போற மாதிரி ரோட்ட நெறச்சுக்கிட்டு நடந்தாங்க. பஸ்காரன் ஹோன் அடிச்சான். "இருப்பா, எங்களுக்கு இன்னைக்கி லீவு"ன்னு சொல்லி ஒருத்தி அவனுக்கு டாட்டா காட்டுனா.

* * *

கிளினிக் வாங்குப் பலகையில மொத ஆளா உக்காந்திருந்தது டவுன்ல துணிக்கடை வச்சிருக்கிற ரபீக்கா.

"என்னம்மா, தோட்டத்தையே பேத்துக்கிட்டு வந்துட்டீங்களா?"

மிஸ்ஸி ஷப்னாவுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "வந்துட்டீங்களா! நான் டொக்டர்கிட்ட என்ன பொய் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். சரி, கேளுங்க. ஒங்க புள்ளைங்களுக்கு ஸ்கூல்லயே கர்ப்பப்பை கேன்சர் வராம ஊசி போட்டாச்சு. வயசுக்கு வந்த கொமரிங்கள்லருந்து கெழவிங்க வரைக்கும் மாசத்துக்கு ஒருக்கா குளிக்கும்போது ஒங்க மார்ப நீங்களே தடவிப் பாக்கணும். இங்க எல்லாருக்கும் பிரஷரும் சீனியும் பாப்போம். முப்பத்தஞ்சு வயசுக்காரங்களுக்கும் நாப்பத்தஞ்சு வயசுக்காரங்களுக்கும் உள்ள கர்ப்பப்பை வாயில ஒரு டெஸ்ட். முப்பத்தஞ்சு யாரு?"

தனுஜா கையத் தூக்குனா. வேற ஒரு கையும் எழும்பல.

"எனக்கு முப்பத்து நாலு மிஸ்ஸி."

"எனக்கும் முப்பத்து நாலுதான்."

"எனக்கும்"ன்னா இந்திராணி.

"இந்திராணி அக்கா, ஒங்க மூத்த மகனுக்கே முப்பது வயசு. அப்ப நாலு வயசுல பெத்தீங்களா?"

"அந்தக் காலத்துல வெள்ளன கட்டிக் குடுத்துருவாங்க மிஸ்ஸி!"

ரபீக்கா வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சுட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டா. "அடியே, நானும் இப்படித்தான் வயசக் கொறச்சுக் கொறச்சு ஓடுனேன். நாப்பத்தஞ்சுல இந்த மிஸ்ஸிதான் கடைக்குள்ள வந்து கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. வலி இல்ல, ரத்தம் இல்ல, வெளிய ஒண்ணும் தெரியல்ல. உள்ள ஆரம்பிச்சிருந்துச்சு. சின்னதா இருக்கும்போதே எடுத்துட்டாங்க. இந்தா பாரு, கல்லாவுல இன்னும் நான்தான். அல்லாவும் இந்தப் புள்ளையும் காப்பாத்துனது."

சிரிப்பு அடங்கிருச்சு. தனுஜா எந்திரிச்சா.

திரைக்கி உள்ள போனா. மாமி திரை ஓரத்துல நின்னா. அவளுக்குப் பின்னால இந்திராணி. அப்படியே ஒருத்திக்குப் பின்னால ஒருத்தியா, வரிச கேட் வரைக்கும் போச்சு.

"மாமி! இப்ப கட்டில்ல படுத்திருக்கேன்!"

மீனம்மா தலையத் திருப்புனா. "படுத்திருக்காளாம்."

"படுத்திருக்காளாம்டி"ன்னா இந்திராணி பின்னுக்கு.

"படுத்திருக்காளாம்… படுத்திருக்காளாம்…" கேட் வரைக்கும் போச்சு சேதி.

"டொக்டர் கையில ஒண்ணு காட்டுறாங்க! பிளாஸ்டிக்கு! வாத்து வாய் மாதிரி இருக்கு! என் கையிலயே குடுத்துட்டாங்க! கத்தி இல்ல மாமி!"

"கத்தி இல்லயாம்."

"கத்தி இல்லயாம்!" "கத்தி இல்லயாம்டி!" அந்தச் சேதி மத்ததவிட ரெண்டு மடங்கு வேகமாப் போச்சு.

"மூச்ச இழுத்து விடச் சொல்றாங்க… ஒரு மாதிரி கூச்சமா இருக்கு… வலி இல்ல… பஞ்சு மாதிரி ஒண்ணால ஒத்துறாங்க… மாமி! முடிஞ்சிருச்சு!"

"என்னது, அதுக்குள்ளயா?"

"முடிஞ்சிருச்சு! பல்லு புடுங்குறது இதவிட மோசம்!"

உள்ள டொக்டர் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. அவங்க சிங்களம். தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான் வரும். "நீங்க ரேடியோ!"ன்னாங்க.

தனுஜா சீலையச் சரி பண்ணிக்கிட்டு வெளிய வந்தப்ப, முப்பத்து நாலு வயசுக்காரங்க எல்லாருக்கும் வயசு கூடிப் போயிருந்துச்சு.

"மிஸ்ஸி, எனக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சிருச்சு, எழுதுங்க!"

"எனக்கு நாப்பத்தஞ்சும் முடிஞ்சிருச்சு"ன்னா இந்திராணி. "மொதல்ல என்னைய எழுதுங்க!"

* * *

மீனம்மாவோட மொற வந்துச்சு.

இப்ப திரைக்கி வெளிய தனுஜா. இந்த ஒண்ணுக்காகத்தான் இத்தன பாடும். அந்தப் புளியங்கொட்டை என்னவாம்? ரொம்ப நாளாச்சா? லேட்டாகிருச்சா?

மீனம்மா ரேடியோ இல்ல. உள்ளருந்து ஒரு சத்தமும் வரல.

"என்னாச்சு?"ன்னு இந்திராணி முதுகுல இடிச்சா. "என்னாச்சாம்?" "என்னாச்சாம்?"ன்னு கேட்டிலருந்து கேள்வி திரும்பி வந்துச்சு.

சத்தம் நின்னா இழுக்கணும். அதான் பேச்சு. தனுஜா திரையப் புடிச்சுட்டா.

"இரு புள்ள"ன்னுச்சு மீனம்மாவோட கொரல். "கேக்குறாங்க."

"என்ன கேக்குறாங்க மாமி?"

"'அம்மா, நான் கை வைக்கலாமா?'ன்னு கேக்குறாங்க."

தனுஜா பின்னுக்குத் திரும்பி, "தொடலாமான்னு கேக்குறாங்களாம்"னு மட்டும் சொன்னா. இந்திராணி அதக் கத்தல. மெதுவா அடுத்தவ காதுல சொன்னா. அவ அதுக்கு அடுத்தவ காதுல. அந்தச் சேதி போன வழியெல்லாம் ஒவ்வொருத்தியா தலையக் குனிஞ்சாங்க. அன்னைக்கி லொறியில மீனம்மாவோட போன ஒருத்தி செவுத்துல சாஞ்சு சீலத் தலைப்பால வாயப் பொத்திக்கிட்டா.

உள்ள மீனம்மா சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு.

"கேட்டீங்கள்ல, அது போதும். வைங்க."

அப்பறம் டொக்டர் சிங்களத்துல சொல்லச் சொல்ல ஷப்னா தமிழ்ல சொன்னா. கட்டி விரலுக்குள்ள நழுவி ஓடுதாம். வழுவழுன்னு இருக்காம். பெரும்பாலும் பயமில்லாத கட்டி மாதிரித்தான் தெரியுதாம். ஆனா கை சொல்றத மட்டும் நம்பக் கூடாதாம். வியாழக்கிழமை நுவரெலியா ஆஸ்பத்திரியில ஸ்கேன், ஊசி குத்தி ஒரு டெஸ்ட். கெட்டதாவே இருந்தாலும், இப்ப வந்ததால வழியிருக்காம்.

"வியாழக்கிழமையா?"ன்னா மீனம்மா. "வர்றேன். ஒருத்தரும் ஏத்திக்கிட்டு வர வேணாம். நானே வர்றேன்."

திரைய வெலக்கிக்கிட்டு அவ வெளிய வந்த நடை இருக்கே! அத தனுஜா அதுக்கு முன்னால பாத்ததே இல்ல. கரகம் எடுத்து எறக்கி வச்சவ மாதிரி, கழுத்து நிமிந்து.

"என்னடி எல்லாரும் முழிக்கிறீங்க? அடுத்த நிரை யாரு?"

ஒருத்தி பாக்கியில்லாம உள்ள போயி வந்தாங்க. இந்திராணிக்கு சீனி கூடவாம், இனி தேத்தண்ணியில சீனி கெடையாதாம். அதக் கேட்டதும்தான் அவ அன்னைக்கி மொத தடவையா அழுதா. கங்காணி பொண்டாட்டிக்கு இடுப்பு வலிக்கி மருந்து கெடச்சுது. ரபீக்கா கடையிலருந்து கேத்தலோட தேத்தண்ணி வந்துச்சு. "இது ரபீக்கா குடுக்குற பந்தி"ன்னு சொல்லி, நின்னுக்கிட்டே குடிச்சாங்க.

* * *

திரும்பி ஏறும்போது பனி எறங்கிருச்சு. தோட்டத்து மொத வளைவுல லொறி நின்னுச்சு. தேயிலை அரைக்கிற ஸ்டோர்ல கொழுந்த எறக்கிட்டு வெறும் வண்டியா வந்த யோகேஸ்வரன், மட்கார்டுல சாஞ்சுக்கிட்டு நின்னான். ஏறுங்கன்னு சொல்லவும் பயம், சும்மா போகவும் மனசில்ல.

"தனு, காலையில நான் ஏதும் தப்பு பண்ணிட்டனா? லொறிய நல்லா கூட்டித்தானே கொண்டாந்தேன்?"

தனுஜா மாமியப் பாத்தா.

மீனம்மா லொறியோட பின்பக்கத்தப் பாத்தா. தொறந்து கெடந்த பலகை. திரும்பவும் மடிச்சுப் போட்ட சாக்கு. அப்பறம் சுத்தி நடந்து முன்பக்கம் போயி, அவளே கதவத் தொறந்து, ட்ரைவர் சீட்டுக்குப் பக்கத்துல ஏறி உக்காந்தா.

"ஏறுறவங்க ஏறுங்க, நடக்குறவங்க நடங்க"ன்னா வெளிய எட்டி. "இன்னைக்கி யாரும் யாரையும் ஏத்த மாட்டாங்க."

மொதல்ல இந்திராணி ஏறுனா. "சீனி உள்ளவ நடக்கக் கூடாது"ன்னு ஒரு சாக்கு வேற சொன்னா. நடக்கத்தான் சொன்னாங்க டொக்டர்! அப்பறம் ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சு எல்லாரும் ஏறுனாங்க. பெரியவங்க ரெண்டு மூணு பேரு நடந்தே வந்தாங்க. அவங்களோட கங்காணி பொண்டாட்டி தொணைக்கி நடந்தா.

பின்னால நின்ன தனுஜாவுக்கு, முன் பக்கத்துச் சின்னக் கண்ணாடியால புருசனோட தோளும் மாமியோட கொண்டையும் தெரிஞ்சுது. வண்டி கெளம்பறதுக்கு முன்னால மீனம்மா சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சு.

"மெதுவா ஓட்டுடா. 'எனக்கு ஏன் தங்கச்சி இல்ல'ன்னு நீ சின்னதுல கேட்டுக்கிட்டே இருப்பியே…"

பெறகு இன்ஜின் சத்தம் எல்லாத்தையும் முழுங்கிருச்சு.

ரெண்டு வளைவு ஒழுங்காப் போச்சு. மூணாவது வளைவுல லொறி மெதுவாகி, ஓரமா நின்னுருச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யோகேஸ்வரன் தலைய ஸ்டியரிங்குல வச்சிருந்தான். மீனம்மா அவன் முதுகுல கை வச்சிருந்தா. அவன் ஏதோ கேட்டான். அவ ஏதோ சொன்னா. அவன் கண்ணத் தொடச்சுக்கிட்டு நிமிந்தான்.

அப்பத்தான் மீனம்மா கைய நீட்டி ஹோன அமுக்குனா. சும்மா ஒரு தடவ இல்ல. நீட்டி, மலை மலையா எதிரொலிக்கிற மாதிரி. பின்னால நின்ன பொம்பளைங்க எதுக்குன்னே தெரியாம கொலவ போட்டாங்க. தனுஜாவும் போட்டா. அவ கண்ணுல தண்ணியும் வாயில கொலவையும் ஒண்ணாதான் வந்துச்சு.

லொறி கெளம்புச்சு. ஸ்டோரத் தாண்டி, முச்சந்திக்கி வந்துச்சு.

லயத்துக்குப் போற பாதை இடது பக்கம்.

லொறி வலது பக்கம் திரும்புச்சு. துரை பங்களாவுக்குப் போற பாதையில. "அன்னைக்கி எங்கள ஏன் கேக்கலன்னு கேக்கப் போறோம்"ன்னு முன்னாலருந்து சத்தம் வந்துச்சு. மீனம்மா இன்னும் ஹோன்லருந்து கைய எடுக்கல.